வாஜித் காலி

ஒரு பாஷையை அரைகுறையாகத் தெரிந்தவன் ஆபத்தானவன். மூன்று பாஷைகளை அரைகுறையாகத் தெரிந்தவனிடம் வண்டிச் சாவியையே கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சம். தோஹா தொழில்பேட்டையில் ஒரு காரேஜில் நான் ஹெல்ப்பர். மேனேஜர் கீழக்கரைக்காரர், சுல்தான் பாய். அப்போது எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா போனில் பட்டென்று சொல்லிவிட்டார்: "மாப்ள டிரைவருன்னா மேக்கொண்டு பேசலாம். ஹெல்ப்பருன்னா கொஞ்சம் யோசிக்கணும்." தலைகீழாக நின்று லைசென்ஸ் வாங்கினேன். (எத்தனை தடவை பெயிலானேன் என்பது இங்கே தேவையில்லாத விஷயம்.) ஆனால் டிரைவர் டியூட்டிதான் கிடைத்தபாடில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த வண்டி தயாரானது. காரேஜ் முதலாளியான கத்தாரியை நாங்கள் அர்பாப் என்போம். அவர் அமெரிக்காவிலிருந்து தருவித்த பழைய துருப்பிடித்த வண்டி அது. முன்னால் நின்று பார்த்தால் வில்லன் வந்து இறங்குகிற கார், பின்னால் போய்ப் பார்த்தால் மீன் ஏற்றுகிற பிக்கப். பெயர் எல் கமினோ. (இங்கே எல்லாமே 'அல்' என்று ஆரம்பிப்பதால் அது ஏதோ அரபு ஊர் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.) மாதக்கணக்கில் அதன் துருவைத் தேய்த்தவன் நான். சிவப்புப் பெயிண்ட் அடித்து, நடுவில் இரண்டு வெள்ளைக் கோடு போட்டு, எட்டு சிலிண்டர் எஞ்சினை முடுக்கியபோது பக்கத்துப் பட்டறைக்காரர்களெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு ஓடிவந்தார்கள்.

"தம்பி, சாயங்காலம் கார்னிஷ் பீச் ரோட்டுல பழைய வண்டியெல்லாம் கண்காட்சிக்கு நிறுத்துறாங்க. நம்ம வண்டிய நீதான் ஓட்டிட்டு வர்றே," என்றார் சுல்தான் பாய். "அர்பாபுக்கு மனசு குளுந்துச்சுன்னா நாளையிலேர்ந்து உனக்கு டிரைவர் டியூட்டி. நான் கேமராவோட அங்க நிப்பேன். வண்டியோட ஒரு படம் புடிச்சுப் பொண்ணு வீட்டுக்கு அனுப்பிருவோம்."

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆக்சிலேட்டரில் மட்டும் நன்றாகப் பாவியது. சிக்னலுக்குச் சிக்னல் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரிய காரிலிருந்த பையன்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். இவ்வளவு பேர் பார்த்தும் போதவில்லை எனக்கு. ஆட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி இறங்கினேன். டீ ஒரு சாக்கு. நாலு பேர் நின்று பார்க்கட்டுமே என்றுதான்.

ஒரு பாகிஸ்தான் பட்டாணி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், மருதாணி போட்ட தாடி. வண்டியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "பாய், காலி ஹை?"

அரபியில் காலி என்றால் விலை ஜாஸ்தி. துணிக்கடைகளில் அரபுப் பெண்கள் "வாஜித் காலி" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு நடையைக் கட்டுவதைப் பார்த்து அந்த வாரம்தான் கற்றிருந்தேன். வாஜித் என்றால் ரொம்ப. வண்டி விலை உசத்தியா என்றல்லவா கேட்கிறார் மனுஷன்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"வாஜித் காலி!"

"அச்சா," என்றார் அவர். நான் டீ வாங்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் பின்னால் மூன்று ஆடுகள் நிற்கின்றன. முன்சீட்டில் பட்டாணி உட்கார்ந்திருக்கிறார். "யல்லா பாய், ஜல்தி," என்றார் என்னைப் பார்த்து.

"நஹி பாய்! உத்தாரோ!" என்று இறக்கச் சொல்லிப் பதறினேன்.

"நீதானே வாஜித் காலின்னே?" என்று இந்தியில் எகிறினார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "காலி! அந்தர் குச் நஹி!"

அப்போதுதான் உறைத்தது. இந்திக்காரர் காலி என்றால் ஒன்றும் இல்லாதது, வாடகைக்கு வரும் வண்டி. தமிழிலும் அதே காலிதானே, அது ஏன் தோன்றவில்லை என்கிறீர்களா? இரண்டு புதுப் பாஷை கற்றவனுக்குத் தாய்மொழி கடைசியாகத்தான் ஞாபகத்துக்கு வரும்.

இறக்கப் போனால் ஆடுகள் இறங்க மறுத்தன. போன் அடித்தது. சுல்தான் பாய். "எங்கப்பா இருக்கே? அர்பாப் வந்துட்டாரு!" பட்டாணியின் இடம் கார்னிஷைத் தாண்டித்தானாம். முதலில் அவரை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். கார்னிஷ் திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் சிவப்பு வண்டியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, அழகாகக் கையை வீசி, கண்காட்சி வரிசைக்குள் திருப்பிவிட்டார்.

இரண்டு பக்கமும் கூட்டம் கைதட்டியது. பின்பகுதி கண்ணில் பட்டதும் கைதட்டல் நின்றது. ஒரு ஆடு "ம்ம்மே" என்றது. பளபளத்த சிவப்புப் பெயிண்ட் மேல் புழுக்கை உருண்டது. 

அர்பாப் பாய்ந்து வந்தார். "ஹாதா சய்யாரா காலி! காலி!" என்று கத்தினார். சுல்தான் பாய் அதிர்ச்சியில் கேமராவை அமுக்கிவிட்டார்.

இவ்வளவு விலையுள்ள வண்டியடா என்று வயிறெரிகிறார் மனுஷன். நானோ சூடுபட்ட பூனை. காலிக்குச் சரியான அர்த்தம் இப்போதுதானே கற்றிருக்கிறேன்? பணிவாகத் திருத்தினேன்.

"காலி நஹி, அர்பாப். தீன் பக்ரி ஹை."

காலியில்லை, மூன்று ஆடு இருக்கிறது. அவர் காதில் விழுந்ததோ: விலை ஜாஸ்தியில்லை, மூன்று ஆடுதான்.

அர்பாப் என்னைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். என் வேலை காலி (இது தமிழ்க் காலி) என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்த கறுப்பு வளையம் நழுவிக் காதில் தொங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "இந்த சய்யாரா உனக்கு மாஃபி, கிடையாது. கலாஸ். நாளையிலிருந்து நீ டிரைவர். பண்ணைக்கு ஆடு ஏற்று."

அப்படித்தான் நான் டிரைவரானேன். சுல்தான் பாய் அந்தப் படத்தைப் பெண் வீட்டுக்கு அனுப்பியும் விட்டார். முன்னால் அலறுகிற அர்பாப், பின்னால் மூன்று ஆடு, நடுவில் பட்டாணியும் திருதிருவென்று நானும். "யாரு மூஞ்சியும் சரியில்ல. அந்த ஆடுங்க மூஞ்சியில ஒரு நிம்மதி தெரிஞ்சிச்சு. அதான் சரின்னேன்," என்பாள் என் மனைவி, இன்றைக்கும், வருகிறவர்களிடமெல்லாம்.

போன வாரம் அடுப்படியிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "ஏங்க, சிலிண்டர் காலி!"

"எந்தக் காலிம்மா? அரபியா, இந்தியா?" என்று கேட்டாள் மகள், வழக்கம்போல.

"ரெண்டுந்தான்டி!"