ஆனச்சாமியின் சர்டிபிகேட்

மானேஜர் சார், நீங்கள் ஒரு நல்ல மனிதனின் பிழைப்பைக் கெடுத்தீர்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மட்டாஞ்சேரி முழுவதிலும் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நம் மிளகு ஏற்றுமதி ஆபீஸின் டைப்பிஸ்ட்தான். மற்றவர்கள் பேசினார்கள், அவ்வளவே. எங்கே 'ஏ', எங்கே 'ஆன்', எங்கே 'தி' என்று மூட்டை தூக்குகிறவர்களைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்லுவார். அவர்கள் 'ஆன்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆனச்சாமி என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் ஆன என்றால் யானை. சாமி ஒரு மிளகு மூட்டையில் பாதி கனம்கூட இருக்கமாட்டார்.

சாயாக் கடையிலும் பாடம்தான்.

"முதல்ல கேக்கறச்சே 'ஏ' டீ. நீர் கொண்டுவந்து வெச்சப்பறம் அது 'தி' டீ. புரிஞ்சுதா சேட்டா?"

"சாமி குடிக்கூ. ஆறிப்போனா ரெண்டும் ஒண்ணுதன்னே" என்றார் கடைக்காரர்.

வினை தந்தியில் வந்தது. வெளிநாட்டு வியாபாரிக்கு 'ஷிப் செயில்ட்' என்று அடிக்கச் சொன்னீர்கள். சாமி 'தி ஷிப் ஹாஸ் செயில்ட்' என்று எழுதினார்.

"தந்திக்கு எதுக்குய்யா 'தி'? வார்த்தைக்கு வார்த்தை காசு!"

"எந்தக் கப்பல்னு அவனுக்குத் தெரியவேண்டாமா சார்? கொச்சியிலேந்து ஒரு கப்பலா போறது?"

நீங்கள் 'தி'யை வெட்ட, அவர் மறுபடி சேர்க்க, தந்தி போவதற்குள் தந்தி ஆபீஸ் மூடிவிட்டது. மறுநாள் அவரை வேலையை விட்டு நிறுத்தினீர்கள். அது உங்கள் அதிகாரம். பக்கத்து மேஜைக் குமாஸ்தாவான நான் அதைக் கேள்வி கேட்க வரவில்லை.

வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனி அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நன்னடத்தை சர்டிபிகேட் மட்டும் வேண்டும் என்றார்கள். டைப்பிஸ்ட் இல்லாததால் நீங்களே இரண்டு விரலால் தட்டினீர்கள்: 'ஹி ஈஸ் ஏ ஹானஸ்ட் மேன்.'

சாமி படித்தார். "சார், 'ஆன்' வேணும். ஹெச் கேக்காது. ஆனஸ்ட்."

"எனக்குக் கேக்கறதே. ஹானஸ்ட்!"

"அது உங்க மூச்சு சார்."

அதற்குப் பிறகு நீங்கள் திருத்தவில்லை. மாடிப்படியில் நான் அவரை மறித்தேன். "'என்' ஒரு எழுத்துதானே சாமி, நான் பேனாவால போட்டுத் தரேன்."

"அவர் கையெழுத்துப் போட்ட கடுதாசியை நாம தொட்டா அது கள்ள சர்டிபிகேட். கள்ள சர்டிபிகேட்ல நான் ஆனஸ்ட் மேனாக்கும்?"

"அப்ப இருக்கறபடியே கொண்டு போங்கோ!"

"தப்பு இங்கிலீஷ்ல நல்லவனா இருக்க எனக்கு மனசில்லை."

காகிதத்தை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனார். கப்பல் கம்பெனி வேலை வேறொருவனுக்குப் போயிற்று. சாமி பள்ளுருத்தியில் ஒரு பலசரக்குக் கடையில் பத்து வருஷம் பொட்டலம் மடித்தார். இப்போது கண்ணும் தெரியவில்லை.

நீங்கள் ஓய்வு பெற்று இடப்பள்ளியில் இருக்கிறீர்கள். இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியைச் சரியாக எழுதி, உங்கள் பெயரைப் போட்டு, இதே பத்திரிகையில் எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். முடியாது என்றால் அதையும் இங்கேயே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாமிக்குப் பத்திரிகை படித்துக் காட்டுகிறவன் நான்தான். ஹெச் வராமல் படிக்கப் பழகிவிட்டேன்.