மகளுக்கு வந்த தேவ அழைத்தல்

பொம்மிடி,
13.7.86

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

சேசுவில் அன்பான தங்கை சிஸ்டர் ஆரோக்கியம்மாளுக்கு அண்ணன் வியாகுலம் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உன் அண்ணி மதலேனம்மாளும், மகள் சகாயமேரியும், மாவு மில்லும் நலம். பெங்களூரில் உன் நலத்துக்கும், உங்கள் மடத்துத் தாயாரின் முழங்கால் நலத்துக்கும் தேவமாதாவை வேண்டுகிறோம். மடத்து உடுப்பு வாங்கிய தங்கையை நீ என்பதா, நீங்கள் என்பதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் தடுமாறுகிறேன். இந்தக் கடிதத்தில் நீ. கோபம் வந்தால் அடுத்ததில் நீங்கள்.

விஷயம் என்னவென்றால், நம் குடும்பத்தின் இரண்டாவது கன்னியாஸ்திரி தயாராகிவிட்டாள். பத்து வயதுதானே என்பாய். போன கடிதத்தில் சகாயமேரி தூங்குகிறாளா, பசித்துச் சாப்பிடுகிறாளா, மற்ற பிள்ளைகளோடு சேர்கிறாளா என்று நர்சம்மா போலக் கேட்டிருந்தாய். தூக்கம் எங்கே? சாப்பாடும் அரைத் தட்டுதான். விளையாட்டு அறவே இல்லை. மோட்சத்தில் இருக்கிற அர்ச்சியசிஷ்டவர்கள் எல்லாரும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தார்கள் என்று நம் கோயில் உபதேசியார் அருள்நாதன் சொல்கிறார். அவர் சொல்லிவிட்டால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

கையைப் பற்றி முதலில் சொல்கிறேன். பிள்ளை கை கழுவுகிறாள். செபமாலையைத் தொடும் முன் கழுவுகிறாள், தொட்ட பின் சந்தேகம் வந்து மறுபடி கழுவுகிறாள், இந்த வறட்சியில் அடிபம்பில் ஒரு குடம் நிறைவதற்குள் நமக்கு மூச்சு வாங்குகிறது, அந்தக் குடத்தை உன் அண்ணி இடுப்பில் சுமந்து வந்து இறக்கினால் இவள் கையில் ஊற்றியே முடித்துவிடுகிறாள், தோல் வெடித்து ரத்தம் கசிகிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவினால் எண்ணெயைப் போக்க மறுபடி சோப்பு. பாவக்கறை துளியும் கூடாது என்கிற பரிசுத்தம் இது என்று நான் விளக்கினேன். "பரிசுத்தம் நல்லாத்தான் இருக்குது, தண்ணிய நீங்க போய்க் கொண்டாங்க" என்றாள் உன் அண்ணி. இப்போது நான்தான் பம்படிக்கிறேன்.

அடுத்தது பாவசங்கீர்த்தனம். சனிக்கிழமை தோறும் பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் போகிறாள், வெளியே வந்ததும் எதையோ மறந்துவிட்டேன் என்று மறுபடி வரிசையில் நிற்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்து, "சொல்லாம வுட்டா உங்களுக்கு நரகம் ஆயிடும்னு பயமா இருந்திச்சி, உங்க பாவத்தையும் சேத்துச் சொல்லிட்டேம்ப்பா" என்றாள். எந்தப் பாவம் என்று கேட்டேன். கேழ்வரகு அரைக்கும்போது மெஷினுக்குள் தங்கும் மாவை நான் நம் வீட்டுக் களிக்கு எடுத்துக்கொள்வதாம். தங்கச்சி, உள்ளே தங்குவது மெஷினின் குணம், அதற்கு நான் என்ன செய்வேன்? சாமியார் பாவசங்கீர்த்தன ரகசியத்தை உயிரே போனாலும் வெளியே விடமாட்டார், அது எனக்கும் தெரியும், ஆனால் திங்கட்கிழமை தன் கேழ்வரகைத் தானே தூக்கி வந்து, அரைத்து முடியும் வரை மெஷினை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்று, "இன்னும் ஒரு தட்டு தட்டுங்க வியாகுலம்" என்றார். இவளுக்கு அவர் கொடுத்த பரிகாரம் என்ன தெரியுமா? போய் அஞ்சாங்கல் ஆட வேண்டுமாம்! இவளும் பயபக்தியோடு ஆடினாள், ஒரு கல் கைதவறி விழுந்தால் பரிகாரம் செல்லாது என்று அழுதுகொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தாள், கூட ஆடிய பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள்.

மாலைச் செபத்திலும் இதே கதைதான். ஒரு வார்த்தை பிசகினாலும் முதலிலிருந்து சொல்கிறாள், களி ஆறிக் கல்லாகிறது. இத்தனை நேரம் செபம் கேட்கிறதே, நவநாள் போலிருக்கிறது என்று தெருவே வந்து வாசலில் முழங்கால் போட்டது, கொண்டுவந்த பூவையும் மெழுகுவர்த்தியையும் வைக்க மில்லில் இருந்த பெஞ்சை எடுத்துப் போட்டேன், பெஞ்சைப் பீடம் என்று நினைத்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டு ராமக்காள் நம் வேதம் இல்லை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். "பாப்பாவுக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்குதுங்கண்ணா, பென்னாகரம் பக்கம் ஒருத்தரு கயிறு கட்டுறாரு, கூட்டிட்டுப் போலாங்க" என்றாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, இது தேவ அழைத்தல் என்று நான் சத்தம் போட்டதும், அப்படியானால் நமக்கும் ஆகட்டும் என்று பால் வற்றிய தன் எருமையை ஓட்டி வந்து நம் வாசலில் கட்டிவிட்டாள். சகாயமேரி அழுதுகொண்டே அதன் நெற்றியில் சிலுவை போட்டாள். மறுநாள் எருமை பால் கொடுத்தது. ராமக்காள் பருத்திக்கொட்டை வைத்தது யாருக்கும் ஞாபகமில்லை, அதற்கு மறுநாள் நம் வாசல் மாட்டுச் சந்தை ஆகிவிட்டது. "இந்த மாடுங்க செத்துப்போனா என்னாலதானாப்பா?" என்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். என்ன மனத்தாழ்ச்சி பார் இந்தப் பிள்ளைக்கு!

ஆகையால், உங்கள் மடத்துப் போர்டிங்கில் இவளுக்கு ஓர் இடம் கேட்டு வை. அங்கேயே படித்து அப்படியே உடுப்பும் வாங்கிவிடட்டும். மடத்துத் தாயாருக்குத் தோத்திரம் சொல். திருக்குடும்பம் உன்னைக் காப்பதாக.

இப்படிக்கு,
பெருமைமிகு அண்ணன்
வியாகுலம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அடிக்கத்தான் பார்த்தேன், காகிதம் கிழிகிறது. நேற்று கவரை ஒட்டும் முன், பிள்ளை சந்தோஷப்படுவாளே என்று கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. "நான் அங்க போயிட்டா அம்மாவுக்கு யாருப்பா செபம் சொல்லுவாங்க? ஒரு வார்த்தை தப்பா வந்தாக்கூட அம்மா செத்துப்போயிடுமே" என்றாள். போன வருஷம் உன் அண்ணி மஞ்சள் காமாலையில் கிடந்து பிழைத்து வந்தபோது, நீ செபம் சொல்லித்தான் அம்மா பிழைத்தாள் என்று கோயிலில் எல்லாரும் இவள் தலையைத் தடவினோம். அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள் ஆரோக்கியம். தாயின் உயிரை இந்தப் பிள்ளை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாள், நான் அதற்குப் பெஞ்சு போட்டுக் கொடுத்திருக்கிறேன். நேற்று நான் அழுத அழுகை சொல்லி முடியாது.

போர்டிங் வேண்டாம். பிள்ளைகளின் மனசைப் பார்க்கிற டாக்டர் உங்கள் மடத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று முன்பு எழுதியிருந்தாய், என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா என்று நான் பதிலே போடவில்லை. அவரிடம் சொல்லி வை. புதன்கிழமை மூன்று பேரும் ரயிலேறுகிறோம்.

நேற்று மாலைச் செபத்தை, உன் அண்ணி யோசனைப்படி, நாங்கள் இரண்டு பேரும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னோம். நான் நடுவில் இரண்டு வரியை விழுங்கினேன். உன் அண்ணி ஆமென் சொல்லவே இல்லை. பிள்ளை முதலிலிருந்து ஆரம்பிக்கத் துடித்தாள், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இன்று விடிந்ததும் தாயின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள். மதலேனம்மாள் எழுந்தாள், குடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள், என்னையும் என் வம்சத்தையும் ஒரு பிடி பிடித்தாள். சகாயமேரி ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "இன்னங் கொஞ்சம் திட்டும்மா" என்றாள்.