பூச்சி பாயும், மச்சானின் கறுப்புக் காரும்

ஒரு பூச்சி எந்த ஊர் எல்லையில், எந்நேரத்தில், என்ன வேகத்தில் மோதி உயிரை விட்டது என்று காரின் முகப்பைப் பார்த்தே சொல்லக்கூடிய மனிதர் சிவகாசி வட்டாரத்தில் ஒருவர்தான். அவர் பூச்சி பாய். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த கடைக்காரருக்கே தெரியாது.

விஸ்வநத்தம் போகிற ரோட்டில் அவருடைய தகரக் கொட்டகை. முன்பு ஒரு அச்சகத்தில், காலண்டர் படங்களில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிற வேலையில் இருந்தவர். அதே லென்ஸோடு வெளியே வந்து கார் பெயிண்ட் பார்க்க ஆரம்பித்தார். பூச்சி அடித்துக் காய்ந்து, பெயிண்டை அரித்துப் போட்ட வடுக்களை எடுப்பதுதான் தொழில். டிங்கரிங் செய்ய மாட்டார். சீட் கவர் மாட்ட மாட்டார். பூச்சி, பூச்சி, பூச்சி.

பெரிய காரில் வந்த ஒரு கம்பெனி முதலாளி, "அரை மணி நேரத்துல முடிச்சிருங்க பாய்" என்றார்.

"ஈரத் துணி ஊறவே அரை மணி நேரம் ஆகும். அவசரம்னா அதைப் பூச்சிகிட்டல்ல முதல்லயே சொல்லிருக்கணும்?" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பட்டாசு ஆலைக்குப் போகிற வேனிலிருந்து பெண்கள் தினமும் காலையில் குரல் கொடுப்பார்கள். "பாய், எங்க வேன்லயும் பூச்சி அடிச்சிருக்கு, பாக்குறீகளா?"

"பாக்கலாம் தாயி. மொதல்ல அதுல எங்கன பெயிண்ட் இருக்குன்னு காட்டுங்க!"

துக்கம் கேட்கப் போன வீட்டிலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஒருமுறை உள்ளே எல்லோரும் அழுதுகொண்டிருக்க, வாசலில் இவர் இறந்தவரின் கார் பானெட்டை ஈரத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தார். மகன் கோபமாக ஓடி வந்தான். "ஒங்க அப்பா இதைக் கண்ணு மாதிரி வச்சிருந்தாக தம்பி. அவுக ஆஸ்பத்திரியில கெடந்த நாலு நாளும் இதை யாருமே பாக்கலை போல" என்றார் பாய். அதுவரை கண்ணீரே விடாமல் நின்றிருந்தவன், அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டானாம்.

இவரிடம் நானும் ஒருநாள் போய் நின்றேன். காரணம், என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவி செல்வியின் அண்ணன். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம். எங்கள் மகன் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமனான அவர் பெயர் விடுபட்டுப்போனது. வேறு எங்கேயாவது அடித்திருந்தால் பழியை அங்கே போட்டிருக்கலாம். பத்திரிகை அடித்தது நான் வேலை பார்க்கிற அச்சகம். மெய்ப்புப் பார்த்தது நான். ஏழு வருஷம் பேச்சு இல்லை.

அப்படிப்பட்டவர், தங்கைக்கு மதுரையில் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும், கடை ஆள் மூலம் தன் புதுக் கறுப்புக் காரை அனுப்பி வைத்தார். "பஸ்ல போக வேண்டாம்னு சொல்லச் சொன்னாக" என்று சாவியை நீட்டினார் வந்தவர். செல்வி அந்தச் சாவியை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது ஆனைக்குட்டம் பக்கம் மழை விட்டிருந்த சாயங்காலம். தரையிலிருந்து புகை மாதிரி ஈசல் கிளம்பியது. அதற்குள் புகுந்து வெளியே வந்தபோது காரின் முகப்பில் கறுப்பு தெரியவில்லை. செல்விக்குச் சொட்டு மருந்து விடுவதிலேயே மூன்று நாள் போயிற்று. கார் வெயிலில் காய்ந்தது. நான்காம் நாள் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துத் தேய்த்தேன். பூச்சி போனது. கூடவே பளபளப்பும் போனது.

"ஏழு வருசம் கழிச்சு எங்க அண்ணன் ஒரு பொருளை நம்பிக் குடுத்தாக" என்று மட்டும் சொன்னாள் செல்வி. திட்டியிருந்தால் தேவலை.

பாய் லென்ஸைப் பானெட்டில் வைத்துக் குனிந்தார். "இது ஈசல். இது வண்டு. மழை விட்டதும் வந்திருக்கீக, எழுவதுக்குக் கொறையாத வேகம்." லென்ஸ் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது பூச்சி இல்ல அண்ணாச்சி. இது நீங்க."

இரண்டு நாள் வேலை. ஈரத் துணியைப் போர்த்தி ஊறவிட்டார். நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால், இரண்டே விரல் வைத்து, தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி தேய்த்தார். பிறகு கிரீம், பிறகு மெஷின். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "அவுக மனசு நோகாம திரும்பக் குடுக்கணும் பாய்" என்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவர், "மூச்சு மேல படுது, தள்ளி நில்லுங்க" என்றார்.

கடைசியில் கார் கண்ணாடியாக மின்னியது. ஓரத்தில் கடுகளவு ஒரு வடு மட்டும் மிச்சம். "இதுக்கு மேல தேச்சா மேல் பூச்சு போயிரும். இது இருக்கட்டும்."

"ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரலாமா பாய்?"

அவர் முகம் சுருங்கியது. "நானும் வாரேன். வண்டியை எடுங்க" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "முப்பதுக்கு மேல போனா எறங்கிருவேன்."

விருதுநகர் வரை எங்களை எல்லா வண்டிகளும் முந்தின. ஒரு சைக்கிள்காரர் முந்திப் போய், ஏதும் ரிப்பேரா என்று நின்று விசாரித்தார்.

மச்சான் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் காரைச் சுற்றி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் அந்த வடுவைத் தொட்டுக் காட்டினார். "இங்கன பாருங்க அண்ணாச்சி, இது போகாது. பூச்சிக்குள்ள வண்டியை விட்டது இவுக. மூணு நாள் வெயில்ல போட்டதும் இவுக. நாரைப் போட்டுத் தேச்சதும் இவுகதான்."

எனக்கு அப்படியே ஈசல் புற்றுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"ஆனா ரெண்டு நாளா ஒங்க மனசு நோகக் கூடாதுன்னு இவுக பொலம்புன பொலம்பலு, எனக்குக் காது தேஞ்சு போச்சு. கறையைக் கொண்டாந்தவுக நெறையப் பேரைப் பாத்திருக்கேன். வண்டிக்குப் பதறுவாக. இவுக ஒங்களுக்குல்ல பதறுனாக."

மச்சான் அந்தக் கடுகளவு வடுவைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"செல்விக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது மச்சான்."

"சாப்பிட்டீகளா மாப்ளே?"

பதிலுக்குக் காத்திராமல் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "பாய், நீங்களும் வாங்க" என்று திரும்பினால் பாயைக் காணோம். பக்கத்து வீட்டுக் காரின் முகப்பில் லென்ஸோடு குனிந்திருந்தார்.

இப்போது மச்சான் வீட்டு விசேஷம் எதுவும் நாங்கள் இல்லாமல் நடப்பதில்லை.

போன மாதம் கொட்டகைப் பக்கம் போனபோது மொபெட்டை நிறுத்தினேன். "வண்டி எங்க அண்ணாச்சி?" என்று ரோட்டை எட்டிப் பார்த்தார் பாய்.

"வண்டி கொண்டாரலை பாய். சும்மா ஒங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அப்படி யாரும் அவரைத் தேடி வந்ததில்லை போலும். கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். எதிர்க்கடைக்கு இரண்டு டீ என்று விரல் காட்டிவிட்டு, எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேசுவதற்கு எங்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் டீ குடித்து முடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.