திறப்பு விழாவுக்குக் காத்திருந்த பன்னிரண்டு அலாரங்கள்

நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைப்பது பாமரர் வழக்கம். தீர்மானம் போட்டு அணைப்பதே நாகரிகம். இதை உலகுக்குக் காட்டிய பெருமை, நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் பிளாக்ஹவுஸ் பே தமிழர் தீத்தடுப்பு உபகுழுவையே சேரும். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர் முடியுமுன்னே அது பதினொரு தடவை கூடி, பதினொரு தடவையும் வடை தின்று கலைந்தது.

உபகுழுத் தலைவர் இரத்தினசிங்கத்தாரின் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தான் சுந்தரமூர்த்தி. ஒடாஹுஹுவில் இறைச்சித் தொழிற்சாலையில் தரை கழுவுகிறவன். குழம்பு மணம் வீட்டில் தங்கக்கூடாதென்று தலைவர் கூரைக்குள் பொருத்திய விசிறி அவன் அறைக்கு நேர் மேலே இருந்தது. ஒரு மாதமாக அது முனகியது. ரப்பர் கருகிய மணமும் வந்தது. கீழே ஹீட்டர். அதைச் சுற்றி நாலு வயது மகள் கம்சாயினியின் ஈரச் சட்டைகள். வெயில் இல்லாத ஊரில் வேறெங்கே காயப்போடுவது?

விசிறியைப் பார்க்கவேணும், பிள்ளையின் அறைக்கு ஒரு புகை அலாரம் வேணும் என்று தலைவரிடம் நாலு தரம் கேட்டான். அலாரம் இல்லாமலில்லை. ஒரு புண்ணியவான் தந்த, பற்றரியில் இயங்கும் பன்னிரண்டு, சந்தனப் பொட்டு வைத்த பெட்டிக்குள் வரவேற்பறையிலேயே இருந்தன. நகரசபை அம்மையார் குத்துவிளக்கேற்றித் திறக்கவேண்டும். முதல் தடவை அவருக்குத் தடிமன், ஓயாத தும்மல். பிறகு அட்டமி.

"விளக்குக் கொளுத்தாமல் பெட்டியை உடைக்கிறது மரியாதையில்லைத் தம்பி," என்றார் தலைவர்.

பன்னிரண்டாவது கூட்டம் ஒரு சனி மத்தியானம், அதே வரவேற்பறையில். முதலில் வரவேற்புரையா, விளக்கா என்ற 'உயிர்ப் பிரச்சினை' சூடுபிடித்தபோது சுந்தரமூர்த்தி ஓடிவந்தான்.

"ஐயா, மேலை விசிறி எரியுது."

"கூட்டம் நடக்குது. கடைசியிலை 'பிற விடயங்கள்' எண்டு இருக்கு. அதிலை சொல்லும்," என்றார் தலைவர்.

அவன் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பின்னறைக்கு ஓடினான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் போர்வையோடு தூக்கிப் பின்வாசலால் வெளியேறி, பக்கத்து வீட்டில் தீயணைப்புக்கு டெலிபோன் பண்ணச் சொன்னான். உள்ளே, மின்சாரத்தை நிறுத்தியவனைக் கண்டித்து ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. வழிமொழிய ஒருவர் வாயைத் திறந்தபோதுதான் வீடே அதிர அலாரத்தின் அலறல் கேட்டது. தலைவரின் படுக்கையறையிலிருந்து.

உபகுழு அத்தனையும் முற்றத்துக்குப் பாய்ந்தது. ஒருவர் பெட்டியையும் தூக்கி வந்திருந்தார். அடிப்பக்கம் கத்தியால் கீறியிருந்தது. எண்ணினார்கள்: பதினொன்று.

"ஒண்டு சித்திரையிலேயே எங்கடை கட்டிலுக்கு மேலை பூட்டியாச்சு," என்றார் தலைவரின் மனைவி அன்னபாக்கியம், மறைக்கத் தெரியாதவர்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அது... பரிசோதனைக்கு."

பின்னறைக் கூரை சரிந்து விழும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து முற்றத்துக்குத் திரும்பியிருந்த சுந்தரமூர்த்தி, தோளில் கிடந்த மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நல்லா வேலை செய்யுது ஐயா," என்றான். "என்ரை பிள்ளைதான் மற்ற அறையிலை படுத்திட்டாள்."