என் கல்யாணத்துக்கு நானே சொன்ன விக்கினம்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்துநான்கு வயதுவரை எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாது. அதை ஒரு குறையாகவும் நான் நினைத்ததில்லை. காப்பியா டீயா என்று கேட்டால் "உங்க இஷ்டம்" என்பேன். கேட்டவர் தமக்கு எது சுலபமோ அதைப் போட்டுக் கொடுப்பார். "அருளப்பன் தங்கமான பையன்" என்று பினாங்கில் எங்கள் ஆட்கள் மத்தியில் எனக்கு நல்ல பெயர். (தங்கமாவது! களிமண். யார் எப்படிப் பிடித்து வைத்தாலும் அப்படியே இருக்கும்.)

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள் என் அக்கா சூசையம்மா. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் எனக்குக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை. அது அத்தான் பார்த்து வைத்தது. தலையில் வகிடு இடப்பக்கம். அது முடிவெட்டுகிறவர் பார்த்து வைத்தது. கல்யாணமும் அதே வழியில்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை அக்காவும் அத்தானும் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய்விட்டு வந்தார்கள்.

"பாகான் டாலாம்ல ஒரு பொண்ணு பாத்திருக்கோம்டா. பேரு ரெஜினா. அப்பா பிறை ரயில்வேல இருக்காரு. உனக்குச் சம்மதந்தானே?" என்றாள் அக்கா.

"உனக்குப் பிடிச்சிருக்காக்கா?"

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்ப சரி."

இவ்வளவுதான் என் கல்யாணப் பேச்சு. பெண் உயரமா குட்டையா என்றுகூட நான் கேட்கவில்லை. பிறகு எங்கள் கோயில் சாமியாரிடம் அழைத்துப் போனார்கள். அவர் பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியில் பத்து வருஷம் தமிழ் படித்துவிட்டு வந்தவர், நம்மைவிட நன்றாகப் பேசுவார்.

"இந்தப் பெண்ணை மணந்துகொள்ள உமக்கு மனப்பூர்வமான சம்மதம்தானா?" என்று கேட்டார்.

"அக்காவுக்கு ரொம்பச் சம்மதம் சாமி" என்றேன்.

அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கிவிட்டார்.

எங்கள் கிறிஸ்தவர்களில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கப்போகிறது, இதற்கு ஏதாவது விக்கினம், அதாவது தடை, இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும் என்று அறிவிப்பார்கள். மாப்பிள்ளைக்கு வேறொரு பெண்டாட்டி இருக்கிறாள், பெண்ணும் மாப்பிள்ளையும் நெருங்கிய சொந்தம், இப்படி ஏதாவது இருந்தால் சாமியாரிடம் தனியாகப் போய்ச் சொல்வார்கள். மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால் அப்புறம் பந்தல்காரனுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

முதல் ஓலையில் என் பெயரைக் கேட்டபோது பெருமையாக இருந்தது. இரண்டாம் ஓலையில் "ரெஜினா" என்று வாசித்தபோது, அந்தப் பெயருக்கு ஒரு முகம் வைத்துப் பார்க்க முயன்றேன். முக்காடு போட்ட என் அக்காவின் முகம்தான் வந்தது. திடுக்கிட்டுப் போனேன்.

அந்த வாரம் முழுக்க மனசு சரியில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கடற்கரைத் திடலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். கப்பல் ஊதும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ பிடித்து இழுக்கும். ஊருக்குப் போக ஆசைப்படுகிறேனோ என்று பார்த்தால், நான் பிறந்ததே பினாங்கு. எந்த ஊருக்குப் போவது? பசியோ என்று ஒரு தட்டு மீ நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது. ஏக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. எதற்காக ஏங்குகிறோம் என்று தெரியாமல் ஏங்குவதைப்போல ஒரு கொடுமை கிடையாது. பல் வலி என்றால்கூட எந்தப் பல் என்று காட்டலாம்.

இதற்கு நடுவில் கல்யாணக் கோட்டு வேறு வந்து சேர்ந்தது. சூலியா தெருவில் ஒரு தையற்காரரிடம் அளவு கொடுத்திருந்தேன். "என்ன கலர்ல தைக்கட்டும் தம்பி?" என்று அவர் கேட்டபோது, "உங்க இஷ்டம் அண்ணே" என்று வழக்கம்போலச் சொல்லியிருந்தேன். இரண்டு வருஷமாக யாரும் வாங்காமல் அவர் அலமாரியில் கிடந்த பச்சைத் துணியைத் தீர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய இஷ்டமாக இருந்திருக்கிறது. வாழையிலைப் பச்சை. துணி நிறைய இருந்ததாலோ என்னவோ தாராளமாகவும் தைத்துவிட்டார். எனக்குள் இன்னொரு அருளப்பன் வந்து உட்காரலாம். "காசு குடுத்தாச்சு, போட்டுப் பழகு" என்று சொல்லி, அக்கா அதை மூன்றாம் ஓலைப் பூசைக்கே மாட்டி அனுப்பினாள்.

பினாங்கு வெயிலில் அந்தக் கோட்டுக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன். சாமியார் பிரசங்க மேடையில் ஏறி ஓலையைப் பிரித்தார். என் பெயர், அப்பா பெயர், ரெஜினா, அவள் அப்பா பெயர். நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். பச்சைக் கை. இந்தக் கோட்டு நான் கேட்டதில்லை. வேலை கேட்டதில்லை. வகிடு கேட்டதில்லை. இதோ, ஒரு மனுஷியையே கேட்காமல் வாங்கிக்கொள்ளப் போகிறேன். "விக்கினம் ஏதேனும் அறிந்தவர்கள்" என்று சாமியார் வாசித்த நேரத்தில் நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்படி எழுந்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அருளப்பரே, உட்காரும்."

"சாமி, ஒரு விக்கினம் இருக்கு."

"யாருடைய திருமணத்துக்கு?"

"என்னோடதுக்குத்தான் சாமி."

பக்கத்திலிருந்த அத்தான் என் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். கோட்டு மட்டும் கீழே வந்தது; நான் வரவில்லை.

"என்ன விக்கினம்?"

"மாப்பிள்ளையைப் பத்தி சாமி. அவனுக்கு என்ன வேணும்னு அவனுக்கே தெரியாது."

பெண்கள் பக்கத்தில் "அந்தோணியாரே!" என்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா மயங்கிச் சாய்ந்துவிட்டாள். (மயங்கவில்லை, நடிப்பு என்று பிற்பாடு அத்தான் சொன்னார். ஆனால் நன்றாகச் சாய்ந்தாள்.)

பூசை முடிந்ததும் சாமியார் என்னைச் சக்ரீஸ்துக்கு, அதாவது பீடத்துக்குப் பின்னாலிருக்கும் அறைக்கு, இழுத்துக்கொண்டு போனார். பூசைக்கு முன் சாமியார்கள் சாப்பிடக்கூடாது. அவருக்கு நல்ல பசி. "உமக்கு என்னதான் வேண்டும்?" என்று கத்தினார். "தெரியலை சாமி" என்றேன். ஒரு காகிதத்தையும் பென்சிலையும் என் முன்னால் போட்டு, "நான் உண்டுவிட்டு வருவதற்குள் எழுதிவையும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் நிதானமாகத்தான் சாப்பிட்டார். நான் எழுதியது மூன்று வரி. "இந்தக் கோட்டைக் கழற்ற வேண்டும்." அது உடனே தோன்றியது. "காப்பி வேண்டும், டீ வேண்டாம்." அதற்குக் கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது வரியை எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்." சாமியார் திரும்பி வந்து வாசித்தார். ஓலையை ரத்து செய்தார்.

அடுத்த ஞாயிறு ரெஜினாவின் அப்பா அவளையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், நிச்சயத்துக்குக் கொடுத்த புடவையைத் திருப்பிக் கொடுக்க. புடவையை அவர் மேசையில் வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். அத்தான் ஏதோ சமாதானம் சொன்னார், அவர் ஏதோ கத்தினார், அக்கா அன்றும் பூசைக்கு மாட்டிவிட்டிருந்த பச்சைக் கோட்டோடு நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. முதுகையும் பின்னலையும்தான் பார்த்தேன். அவர்கள் போன பிறகுதான் குடையை மறந்துவிட்டுப் போயிருப்பதை அக்கா கவனித்தாள். "ஓடு! குடையைத் திருடிட்டோம்னும் சொல்லிடப் போறாங்க!"

(இதுவரை நடந்தது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இனிமேல் வருவது தெரியாது.)

ஃபெர்ரித் துறையில் அவள் அப்பா டிக்கெட் வாங்க வரிசையில் நின்றிருந்தார். அவள் கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றாள். நான் மூச்சு வாங்க ஓடிப்போய்க் குடையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். திரும்பி நடக்கப் பார்த்தேன்.

"நில்லுங்க. ஒண்ணு கேக்கணும்."

நின்றேன்.

"என் மூஞ்சியக்கூடப் பாக்காம, வேணாம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்களை வேணாம்னு சொல்லலீங்க. என்னைத்தான் சொன்னேன்."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இந்தக் கோட்டு நீங்க எடுத்ததா?"

"இல்லீங்க. தையக்காரர் எடுத்தது."

சிரித்துவிட்டாள். கோபமாக இருக்க வேண்டும் என்று வந்தவள், அடக்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகவே பேசினாள்.

"எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். நர்ஸ் வேலை படிக்கணும். அப்பா கல்யாணம்னாரு. டவுன் மாப்பிள்ளை, சாதுன்னு சொன்னாங்க. கேட்டா படிக்க விடுவாருன்னு நெனச்சு நானும் சரின்னேன். மூணு வாரமும் அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"விட்டிருப்பேங்க" என்றேன். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நான் கொடுத்த முதல் சம்மதம் அதுதான்.

அவள் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "சரி. இப்ப நான் கேக்குறேன். உங்கக்காவுக்கு இல்ல, உங்களுக்கு. என்னைக் கட்டிக்க உங்களுக்கு இஷ்டமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். ஃபெர்ரியில் ஆட்கள் ஏறினார்கள், மூட்டைகள் ஏறின. அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெயிலில் அவள் நெற்றி வேர்த்திருந்தது. ரவிக்கைக் கை ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. அந்தப் பெண் இன்னொரு தரம் சிரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவள் காலையில் வெள்ளை உடுப்போடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசல்வரை கூடப் போக வேண்டும். சாயங்காலம் போய் அழைத்துக்கொண்டு வர வேண்டும். கடற்கரைத் திடலில் ஒரு வாரமாக நெஞ்சைப் பிடித்து இழுத்தது எதுவென்று, நல்ல பட்டப்பகலில், தண்ணீர் தெளிந்த மாதிரி எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

சத்தியமாக நான் அதைச் சொல்ல நினைக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம் எனக்கு முந்திக்கொண்டு பேசிவிட்டது.

"கேட்டுட்டு வாங்க" என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள். அப்பா டிக்கெட்டோடு வந்தார், மணி அடித்தது, இரண்டு பேரும் ஏறிப் போனார்கள்.

துறைக்கும் ஃபெர்ரிக்கும் நடுவில் ஒரு பத்தடி தண்ணீர் வந்த பிறகு எனக்கு வாய் திறந்தது. ஓரத்துக்கு ஓடிப்போய், "இஷ்டம்! எனக்கு இஷ்டம்! வேணும்!" என்று பச்சைக் கோட்டுக் கைகள் இரண்டையும் ஆட்டிக் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. பின்னாலிருந்த கச்சாங் விற்கிறவருக்குத்தான் கேட்டது.

"எது வேணும் தம்பி? கடலையா, பட்டாணியா?"

"உங்க இஷ்டம் அண்ணே" என்றேன்.

பட்டாணி கொடுத்தார். அதைத் தின்றுகொண்டு, அழுதுகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த ஞாயிறு அக்காவைக் கேட்காமலேயே பாகான் டாலாமுக்குப் போனேன். அவள் அப்பா கதவைப் பாதி திறந்து, "தைப்பிங்ல அவ சித்தி வீட்டுக்குப் போயிட்டா. அங்க ஆஸ்பத்திரில நர்ஸ் படிப்புக்குச் சேந்தாச்சு. போய் வாங்க" என்று மூடிவிட்டார். ஆறு மாதம் கழித்து நான் தைப்பிங்குக்கும் போனேன். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை ரயில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே நின்றேன். சாயங்காலம் இன்னும் இரண்டு பெண்களோடு வெள்ளை உடுப்பில் வெளியே வந்தாள். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள். தனக்கு வேண்டியதைத் தானே போய் எடுத்துக்கொண்ட முகம் அது. நான் கொண்டுபோன வார்த்தைக்கு அங்கே இடமிருப்பதாகத் தெரியவில்லை. சாலையைக் கடக்காமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து எனக்கும் ஞானம்மாளுக்கும் கல்யாணமானது. இந்தத் தடவை நானே போய்ப் பார்த்து, நானே பேசி, நானே சம்மதம் சொன்னேன். ஆனாலும் ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் கோயில் முழுக்கத் திரும்பி என்னைத்தான் பார்த்தது. மூன்றாம் ஓலையன்று, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை என் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார், எழுந்தால் அமுக்குவதற்கு. சாமியார் "விக்கினம்" என்ற வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லி முடித்தார்.

ஞானம்மாள் நல்லவள். அவளோடு சந்தோஷமாகத்தான் வாழ்ந்திருக்கிறேன், இதில் பொய் இல்லை. எங்கள் வீட்டில் பாசாருக்குப் போய் எந்த மீன் வாங்குவது என்று யாராவது தயங்கி நின்றால், "என்ன, மூணாம் ஓலை வாசிக்கட்டுமா?" என்பார்கள். பிள்ளைகள் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தபோதெல்லாம் என்னை இரண்டு மருமகன்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையை ஞானம்மாள்தான் சொல்வாள். அத்தான் கோட்டை இழுத்ததை எழுந்து நின்று நடித்தே காட்டுவாள். அவள் கதை சக்ரீஸ்தோடு முடிந்துவிடும்.

போன வருஷம் ஒருநாள் பேத்திகளுக்கு அதைச் சொல்லி முடித்து, கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "ஆமாங்க, அந்தப் பொண்ணு அப்புறம் என்னதான் ஆனா?"

"யாருக்குத் தெரியும்" என்றேன்.

கேட்ட வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் எந்தக் கேள்விக்கும் நான் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை. ஞானம்மாள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பேத்திக்குத் தலை பின்ன ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கதையை அவள் இப்போதும் சொல்கிறாள். எழுந்து நின்று நடித்தும் காட்டுகிறாள். எல்லோரும் சிரிக்கிற இடம் வரும்போது மட்டும் என் பக்கம் பார்ப்பதில்லை.