முதல் மழை என்றால் எந்த மழை?

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், தனித்தனியாக நலம். அங்கே நீங்களும் மகளும் சேர்ந்தே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன லீவுக்கு வந்தபோது, மொட்டைமாடித் தண்ணீரைக் குழாயில் இறக்கி, ஜல்லி, கூழாங்கல், மணல், கரி என்று அடுக்கிய டிரம்மில் வடிகட்டி, கொல்லையில் பூமிக்குள் கட்டிய தொட்டியில் போய் விழும்படி செய்துவிட்டுப் போனீர்களே, அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வால்வுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன சீட்டில்தான். "முதல் மழையை வெளியே விடவும். பிறகு வால்வைத் தொட்டிப் பக்கம் திருப்பவும்." முப்பத்தாறு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன், இப்படி ஒரு வாசகத்தை நான் எழுதியிருந்தால் அண்ணன் தம்பி நாலு பேர் இன்னும் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் மழை என்றால் எது? அதற்கு ஒரு விளக்கம் வேண்டாமா?

முதலில் வந்தது ஏழு நிமிஷத் தூறல். சீட்டில் கண்டபடி வெளியே விட்டேன். ஆறு நாள் கழித்து நல்ல மழை. இது இரண்டாவது மழைதானே என்று வால்வைத் திருப்பப் போனால், உங்கள் அத்தை குடையோடு குறுக்கே வந்து நின்றுகொண்டு, "ஆறு நாளா மாடியில காக்கா என்ன பூவா தூவிட்டிருந்துச்சு? ஒவ்வொரு மழைக்கும் முதல் பத்து நிமிஷத்தை வெளிய விடணும். தூசி தும்பெல்லாம் போகட்டும்" என்றாள். "முதல்னா ஒண்ணுதான். வருஷத்தோட முதல் மழை. மூத்த பிள்ளைன்னு பத்திரத்துல எழுதினா, ஒரு வீட்டுக்கு மூணு மூத்த பிள்ளையா இருக்க முடியும்?" என்றேன். "அங்க பிள்ளையைப் பத்தி எழுதலை, மழையைப் பத்தித்தான் எழுதியிருக்கு" என்றாள். ஒரே குடைக்குள் முப்பத்தைந்து நிமிஷம் வாதாடிவிட்டு நிமிர்ந்தால், பளிச்சென்று வெயில் அடிக்கிறது. மழை மொத்தமும் தெருவோடு போயிருந்தது.

மூன்றாவது மழை பேய்மழை. குடைக்கு வெளியே இருந்த என் பாதி உடம்புக்கு ஜலதோஷம் பிடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு மத்தியானம் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன். எழுந்து ஓடிப் பார்த்தால் வால்வின் பிடி நான் விட்ட இடத்திலேயே, தெருப் பக்கமாக இருக்கிறது. போச்சு, அத்தனையும் போச்சு. தொட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றால் மூடி ரெண்டு ஆள் தூக்கும் கான்கிரீட் பலகை. அதைத் தூக்க எனக்கு இடுப்பும் இல்லை, உள்ளே பார்க்கத் தைரியமும் இல்லை.

கிணறு வற்றியதிலிருந்து அடுத்த தெருத் தையல்காரர் வீட்டில் தண்ணீர் பிடித்து, சைக்கிளில் இரண்டிரண்டு குடமாகக் கட்டித் தள்ளிக்கொண்டு வருகிறேன். முன்பு பதினாறு குடம் போதாது என்பாள். அந்தப் பேய்மழைக்கு அப்புறம் எட்டே குடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறாள். கோபத்திலும் இவ்வளவு சிக்கனம் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் வழக்கில் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடுமே.

முந்தாநாள் பெரிய பெட்டியை இறக்கித் துணி அடுக்கினாள். எங்கே என்று கேட்டேன். "மக வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை" என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, மாப்பிள்ளை. தொட்டி காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும். சண்டை போடக்கூட ஆளில்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, இதைத் தந்தி போலப் பாவித்து, உங்கள் கையெழுத்தில் ஒரு பிழைதிருத்தல் பத்திரம் அனுப்பவும். சீட்டில் உள்ள சொற்குற்றம் உங்களுடையது, மாமா படித்தது சரி, அத்தை சொன்னதும் சரி என்று எழுதுங்கள். அத்தை சொன்னது கொஞ்சம் கூடுதலாகச் சரி என்று சேர்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானாக ஒப்புக்கொண்டேன் என்று மட்டும் எங்கேயும் வரக்கூடாது.

உங்கள் வீட்டுக் குழாயில் எப்போதும் தண்ணீர் வரவும், உங்கள் வாசகங்களுக்கு இனிமேலாவது ஒரே அர்த்தம் இருக்கவும் ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்டதான் குடுத்தார். அந்தப் பெரிய மழையில பத்து நிமிஷம் அழுக்குத் தண்ணியைப் போகவிட்டு, வால்வைத் திருப்பினது நான்தான். மழை விட்டதும் பழையபடி திருப்பி வெச்சுட்டேன். இல்லேன்னா எழுந்ததும் புதுசா வழக்கு ஆரம்பிப்பார், யாரால முடியும்? தொட்டி அன்னிக்கே நிரம்பிடுச்சு. அவர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத் தெருமுனை திரும்பினதும் நான் தொட்டித் தண்ணிக்கு மோட்டாரைப் போட்டுடுவேன். பதினாறு குடம் எப்படி எட்டாச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சாரா? நடங்க நடங்கன்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சு, இப்பதான் நடக்கறார். அதனாலதான் நானும் வாயைத் திறக்கலை. ரெண்டு நாளா அந்தப் பெட்டி எதிரேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், அதைத் திறந்து பார்க்கணும்னு மட்டும் தோணலை. மேலாப்புல இருக்கறது பூரா அவரோட சட்டைதான்.