ஐம்பது எம்.எம். கொண்ட படலம்

இடக்கண் இறுக மூடி, வலக்கண் அகலத் திறந்து, சுவரில் ஊரும் பல்லி முதல் தட்டில் விழுந்த ஈ வரை எதைக் கண்டாலும் இரு கைவிரல்களால் சட்டமிட்டு அளக்கும் மாவீரனே, நண்பர் குழாம் ‘ஃபோகஸ்’ எனப் பெயர்சூட்டி நகைத்த நாயகனே, நீ வாழி! ஒளியே, நிழலே, இரண்டுக்கும் நடுவே கண்சிமிட்டிக் கிடக்கும் டியூப்லைட்டே, அவன் புகழ் பாடப் புகுந்த எம் நாக்குழறாமல் காப்பீராக!

புகைப்படக் கல்லூரியில் சேர்வதற்கான செய்முறைத் தேர்வு மறுநாள் காலை. லென்ஸ் பொருத்திய சொந்தக் கேமராவோடு வாராதார்க்கு வாயிற்கதவு திறவாது என்பது கல்லூரியின் கட்டளை. கேமராவை நம் நாயகன் கைக்கொண்ட வரலாறோ தனிப் பெருங்காவியம். கோடை முழுவதும் யூடியூப் என்னும் கடலில் மூழ்கிக் கிடந்து, இந்தக் கம்பெனியே சிறந்தது என்பார் ஒருபுறமும் அந்தக் கம்பெனியே சிறந்தது என்பார் மறுபுறமும் முழங்க, இரு படைக்கும் மாறி மாறித் தலையாட்டிக் கழுத்து நொந்து, முடிவில் பழைய கேமரா ஒன்றை லென்ஸ் இல்லாமல் வாங்கி வந்தான். லென்ஸை ஆராய்ந்தே கொள்வேன் என்று அவன் ஆராய்ந்த ஆராய்ச்சியில் விடுமுறையே தீர்ந்துபோயிற்று. சும்மா சொல்லக்கூடாது, அதுவரை ஒரு படம்கூட எடுத்த பாடில்லை.

ஆகவே அந்திப்பொழுதில், தோளில் பை தொங்க, பைக்குள் கண்ணில்லாக் கேமரா உறங்க, பழைய லென்ஸ் விற்கும் கடைக்குள் புகுந்தான். முகத்தைத் துலக்கிப் பின்னணியைப் பாகாய்க் கரைக்கும் ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றே ஒன்று கண்ணாடிப் பேழைக்குள் வீற்றிருந்தது. கடைக்காரர் அதை எடுத்து மேசைமேல் வைத்தாரோ இல்லையோ, ஐயகோ, பக்கத்திலிருந்து இன்னொரு கை நீண்டது! அதே தேர்வுக்கு விண்ணப்பித்த குதிரைவால் கூந்தலாள் ஒருத்தியின் கை அது.

பிடித்தான் நாயகன் மேற்பக்கம். பிடித்தாள் நங்கை அடிப்பக்கம். ஒரு மீன்தலையைக் கண்ட இரு பூனைகளென ஒருவரையொருவர் முறைத்தனர்.

“நான் காலையிலேயே போன் பண்ணி எடுத்து வைக்கச் சொன்னேங்க,” என்றாள் அவள்.

அதுகேட்டு, புருவம் துடிக்க, மீசை இருந்திருந்தால் அதுவும் துடித்திருக்க, நாயகன் மார்நிமிர்த்தி மொழிந்தான்: “கேளீர், அவையோரே! இதற்காகத் தவங்கிடந்தவன் யான்! இதனுள் கண்ணாடி எத்தனை, ஓரத்தில் கூர்மை எவ்வளவு குறையும், உறக்கத்திலும் உரைப்பேன்! அறிந்தவன் கைக்கே ஆயுதம்!” அவையோர் என்று அங்கிருந்தவர் பாஸ்போர்ட் படமெடுக்க வந்த பெரியவர் ஒருவரே. அவரும் தலை சீவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, கேமராவை எடுங்க, ஒரு தடவை மாட்டிப் பார்த்துடலாம்,” என்றார் கடைக்காரர்.

கேமராவை எடுக்க ஒரு கையேனும் லென்ஸை விட வேண்டும். விட்டால் அவள் விடுவாளா? மாற்றாரின் சூழ்ச்சிக்குக் கடைக்காரரும் உடந்தையென்றே கண்டான் நம் மதிநுட்பன்.

“வேணாம்ணே, எனக்குத் தெரியாதா? பில்லைப் போடுங்க!”

கர்ஜித்தபடியே வெடுக்கென்று இழுத்தான். அவள் விரல் வழுக்கிற்று.

“எனக்கும் நாளைக்குத்தாங்க டெஸ்ட்,” என்றாள் அவள், குரல் உடைய. இரங்கினானா? எங்கே இரங்குவது! வென்றவன் செவிக்கு அதெல்லாம் எட்டுமா? அவளை அங்கேயே நிற்க விட்டு, பேருந்தில் இடம் இருந்தும் உட்காராமல், லென்ஸை மார்போடு அணைத்து நின்றபடியே வீடு சேர்ந்தான்.

வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய அக்காளை, முகம் கழுவச் செய்து, பொட்டைத் திருத்தச் செய்து, சன்னலோரம் நாற்காலியிட்டு அமர்த்தினான்.

“சீக்கிரம் எடுத்துத் தொலைடா, இடுப்பு ஒடியுது,” என்றாள் அவள். சொன்னாலும் தம்பிக்காகச் சிரித்த முகத்தை மாற்றவில்லை.

காலங்காலமாய் வரப்போகும் புகைப்படக் கலைஞர்கள் போற்றி வணங்கவிருக்கும் அந்த முதற்கணத்தில், மூச்சடக்கி, மூடி களைந்து, வெற்றித்திருமகனாம் ஃபோகஸ் லென்ஸைக் கேமராவின் வாயில் வைத்து வலப்புறம் திருகினான், இடப்புறம் திருகினான், நெற்றி வியர்க்க மீண்டும் வலப்புறம் திருகினான்.

லென்ஸ் வேறு கம்பெனிக் கேமராவுக்கானது, மாட்டவில்லை.